ஹோம் தியேட்டர் பெட்டியில் எழுதியிருப்பதற்கெல்லாம் என்ன அர்த்தம்? (5.1.2, இ-ஆர்க், எச்டிஆர்10...)

தென்காசி_முருகு

அனைவருக்கும் வணக்கம். புது வீட்டு ஹாலுக்கு (14க்கு 11 அடி) 55 அங்குல 4கே டிவி, ஒரு ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்), 5.1.2 ஸ்பீக்கர் செட் வாங்கியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வந்து ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டுப் போனார். படம் பார்ப்பதெல்லாம் டிவிக்குள் இருக்கும் ஓடிடி ஆப்களில்தான், தனி பிளேயர் கிடையாது.

பிரச்சினை இதுதான். ரிசீவர் பெட்டியில் டால்பி அட்மாஸ், டிவி பெட்டியிலும் டால்பி அட்மாஸ், ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழேயும் அதே முத்திரை. ஆனால் ஓடவிட்டால் ரிசீவர் முகப்பில் "பிசிஎம் 2.0" என்றுதான் வருகிறது. பின்னாலும் மேலேயும் இருக்கும் ஸ்பீக்கர்கள் வாயே திறப்பதில்லை. கடையில் கேட்டால், "கேபிளை மாத்திப் பாருங்க சார், எட்டாயிரத்துக்கு ஒரு நல்ல கேபிள் இருக்கு" என்கிறார்கள். அதை வாங்குவதற்கு முன்னால் இந்தச் சொற்களையாவது புரிந்துகொள்ளலாம் என்று இங்கே கேட்கிறேன்.

ஒலித்தடம்

முருகு, கேபிளுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேபிளில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் சொற்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஸ்பீக்கர்கள் எத்தனை, எங்கே? ஒலி எந்த வடிவத்தில் சுருக்கப்பட்டிருக்கிறது? அது எந்த வழியாக ரிசீவருக்குப் போகிறது? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாததை வாங்குகிறார்கள். மூன்றில் எது குறைந்ததோ அந்த அளவுக்குத்தான் உங்கள் காதுக்கு வரும்.

5.1.2 என்பது முதல் கேள்விக்கான பதில். 5 என்பது காது மட்டத்தில் இருப்பவை: முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், உட்காருபவரின் பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சரவுண்ட். நடுவில் உள்ள 1 சப்வூஃபர், அதாவது பாஸ் எனப்படும் கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர். கடைசி 2 தலைக்கு மேலே இருப்பவை. ஆக 7.1.4 என்றால் பின்பக்கம் இன்னும் இரண்டு, மேலே நான்கு.

சுருக்கும் வடிவத்துக்கு வருவோம். பிசிஎம் என்பது சுருக்கப்படாத ஒலி. டால்பி டிஜிட்டல் பழைய ஆள். டிவிடியில் நொடிக்கு 448 கிலோபிட் வரை வந்தது. ஓடிடிகள் தருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். புளூ-ரே வட்டில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டால்பியின் போட்டி நிறுவனமான டிடிஎஸ்ஸின் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் இழக்காமல் சுருக்குபவை.

அட்மாஸ் இந்த வரிசையில் இன்னொரு வடிவம் இல்லை. அது டால்பி டிஜிட்டல் பிளஸ் அல்லது ட்ரூஎச்டி மேல் ஏறி வரும் கூடுதல் தகவல். பழைய முறையில், ஒரு ஹெலிகாப்டர் சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று ஒலிக்கலவை செய்யும்போதே முடிவாகிவிடும். அட்மாஸில் அந்தச் சத்தம் அறையின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு தனியாக வரும். உங்கள் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்களைப் பார்த்து ரிசீவர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும். 2012ல் திரையரங்குக்கும் 2014ல் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்தது.

வழியைப் பொறுத்தவரை, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பி வர எச்டிஎம்ஐ ஆர்க் அல்லது இ-ஆர்க் வேண்டும். ஆர்க் 2009ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. ஓடிடியின் அட்மாஸ் அதிலேயே போய்விடும். இ-ஆர்க் நொடிக்கு 37 மெகாபிட் வரை தாங்கும் என்பதால் ட்ரூஎச்டியும் போகும். ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 வரைதான், அட்மாஸ் போகாது.

இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை: டிவியில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு துளையில்தான் கேபிள் இருக்கிறதா? ரிசீவர் மெனுவில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி), ஆர்க் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா? டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு என்னவாக இருக்கிறது? ஓடிடியில் எந்தத் திட்டம்? சில ஓடிடிகளில் 4கேயும் அட்மாஸும் மேல்தட்டுத் திட்டத்தில் மட்டும்தான் உண்டு.

வைகைக்கரை

டிவியில் வெளியீடு "பிசிஎம்" என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அதை "பாஸ்த்ரூ" ஆக்குங்கள் தம்பி. சில டிவிகளில் "ஆட்டோ" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" என்று இருக்கும். பிசிஎம்மில் வைத்தால் டிவியே ஒலியின் சுருக்கத்தைப் பிரித்து, இரண்டு சேனலாக்கி அனுப்பிவிடும். பாஸ்த்ரூவில் வைத்தால் தான் கை வைக்காமல் அப்படியே ரிசீவரிடம் தள்ளிவிடும். பிரிக்கிற வேலைக்குத்தானே ரிசீவர் வாங்கினோம்.

தென்காசி_முருகு

வைகை அண்ணே, நீங்கள் சொன்னதுதான்! பாஸ்த்ரூ ஆக்கியதும் ரிசீவரில் "டால்பி அட்மாஸ்" என்று வந்துவிட்டது. மழைக் காட்சி ஒன்று போட்டுப் பார்த்தோம், என் மகள் அண்ணாந்து பார்த்தாள்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் வரவில்லை. சிலவற்றுக்கு "டால்பி டிஜிட்டல் பிளஸ் 5.1" என்று காட்டுகிறது. யூடியூப் பாடல்கள் இரண்டு சேனல்தான். பென் டிரைவில் இருக்கும் ஒரு படத்துக்கு ஒலியே இல்லை, படம் மட்டும் ஓடுகிறது.

ஒலித்தடம்

முதல் இரண்டும் பழுதல்ல. படமே 5.1ல் கலக்கப்பட்டிருந்தால் 5.1தான் வரும். ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்ப வேண்டுமானால் ரிசீவரில் "டால்பி சரவுண்ட்" அல்லது "டிடிஎஸ் நியூரல்:எக்ஸ்" என்ற பொத்தான் இருக்கும், அது ஊகித்துப் பரப்பும். பழைய பாடல்களை நான் ஸ்டீரியோவிலேயே கேட்பேன். பாடகரின் குரல் நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

பென் டிரைவ் படத்தின் ஒலி டிடிஎஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பல டிவிகள் டிடிஎஸ்ஸைப் பிரிக்கவும் செய்யாது, கடத்தவும் செய்யாது. அந்தக் கோப்பை ரிசீவரோடு நேரடியாகச் சேரும் ஒரு மீடியா பிளேயரில் ஓடவிட்டால் ஒலி வரும்.

யாழ்வாசி

ஒலித்தடம் அண்ணா, ஓடிடி அட்மாஸையும் வட்டில் வருகிற அட்மாஸையும் ஒன்றாக்கிச் சொல்லிவிட்டீர்களோ என்று படுகிறது. நான் 4கே புளூ-ரே வட்டுகள் சேர்க்கிற ஆள். ஒரே படத்தை இரண்டிலும் கேட்டால் வித்தியாசம் வடிவாகத் தெரியும். ஓடிடியில் அட்மாஸுக்கு நொடிக்கு 768 கிலோபிட் கிடைத்தாலே பெரிய காரியம். வட்டில் ட்ரூஎச்டி பல மெகாபிட்டில் ஓடும். படமும் அப்படித்தான். 4கே ஓடிடிக்கு 15 மெகாபிட் இணையம் போதும் என்கிறார்கள், ஆனால் வட்டு 100 மெகாபிட்டையும் தாண்டும். இருட்டுக் காட்சியில் புகை, மூடுபனி வந்தால் ஓடிடியில் கட்டம் கட்டமாக உடையும், வட்டில் உடையாது.

ஒலித்தடம்

படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். புகையும் தண்ணீரும்தான் பிட்ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பதற்கு, உண்மையான சோதனை.

ஒலியில் மட்டும் ஒரு சின்ன மறுப்பு. வட்டில் வித்தியாசம் உண்டு, குறிப்பாக பாஸிலும் திடீர் ஓசைகளிலும். ஆனால் ஓடிடிக்குத் தனியாக ஒலியளவைக் குறைத்துக் கலப்பதும் உண்டு, அதனால் கேட்கும் வித்தியாசம் முழுவதையும் பிட்ரேட் கணக்கில் எழுதிவிட முடியாது. ஸ்பீக்கர் தப்பான இடத்தில் இருந்தால் ட்ரூஎச்டி வந்தும் பயனில்லை. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். 5.1ல் சரவுண்ட் 110 முதல் 120 பாகை, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். நான் பார்த்த பல வீடுகளில் சரவுண்ட் இரண்டும் டிவிக்குப் பக்கத்திலேயே சுவரின் மேல் மூலையில் தொங்கும், ஒயர் எட்டவில்லை என்பதற்காக.

மலர்விழி

நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இதே சண்டை. பேசுவது கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடி சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது. மாமா ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்கிறார். எங்களுடையது 5.1தான். சென்டர் ஸ்பீக்கர் டிவி ஷோகேஸுக்குள் கீழ்த்தட்டில் இருக்கிறது.

வைகைக்கரை

அக்கா, அந்தக் கீழ்த்தட்டை முதலில் கவனியுங்கள். வசனத்தில் பெரும்பகுதி சென்டரில்தான் வரும். அதைத் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் பலகை அதிர்ந்து குரல் கணகணவென்று மங்கும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடையாவது வெளியே வரட்டும். கீழே இருக்கிறது என்பதால் முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் முட்டு கொடுத்து, காதைப் பார்க்கிற மாதிரி மேல்நோக்கிச் சாயுங்கள்.

ஒலித்தடம்

வைகை சொன்னதைச் செய்த பிறகு ரிசீவரில் இரண்டு வேலை. சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். அடுத்து "டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன்", சிலவற்றில் "நைட் மோட்" என்று இருக்கும், அதை நடுத்தரத்தில் வையுங்கள். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டைனமிக் ரேஞ்ச். சினிமா ஒலிக்கலவையில் அந்தத் தூரம் மிக அதிகம். திரையரங்குக் கணக்கில் சராசரி 85 டெசிபல் என்றால் உச்சம் ஒரு சேனலுக்கு 105 வரை போகும். குழந்தை தூங்கும் வீட்டில் அதை அப்படியே கேட்க வழியில்லை. கம்ப்ரஷன் அந்த இரண்டு முனைகளையும் நெருக்கிக் கொண்டுவரும். இயக்குநர் நினைத்ததைக் கெடுக்கிறோமே என்று சிலர் வருத்தப்படுவார்கள். மாமா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் படம் பார்ப்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று, தரை. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் குரல் எதிரொலித்து எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைதட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று ஒரு வால் நீண்டால், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு தடித்த விரிப்பும் ஜன்னலுக்குக் கனமான திரையும் போடுங்கள். என் அனுபவத்தில் அது ரிசீவரை மாற்றுவதைவிட அதிகப் பலன் தருகிறது.

சேலம்_செந்தில்

வாட்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே? நான் பார்க்கும் ஒரு சவுண்ட்பாரில் 500 வாட்ஸ் என்கிறார்கள், ரிசீவரில் வெறும் 80. சவுண்ட்பார்தானே பலசாலி?

ஒலித்தடம்

இல்லை சார், அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரிசீவரின் விவரத்தாளை எடுத்து வரியை முழுதாக வாசியுங்கள். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல் இயக்கத்தில், 0.08 சதவீத டிஸ்டார்ஷன்: 80 வாட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும் (டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு). அதே தாளில் கீழே "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன்" என்று போட்டு இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒரே கருவி. நிபந்தனை சொல்லாத வாட்ஸுக்கு மதிப்பே கிடையாது. பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று ஊதிப் பெருக்கிய எண்) என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுங்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அதனால் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பாருங்கள்: 1 வாட்ஸ் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு, 87 டெசிபல் ஸ்பீக்கரைவிடப் பாதி வாட்ஸ் போதும்.

தென்காசி_முருகு

ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவெடுத்தேன். முன் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று போட்டுவிட்டது. என்னுடையவை சின்னப் புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள்தானே?

ஒலித்தடம்

"ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவரை (பாஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். "லார்ஜ்" என்றால் ஸ்பீக்கரின் உருவ அளவைச் சொல்லவில்லை, முழு பாஸையும் அதற்கே அனுப்பு என்ற கட்டளை அது. "ஸ்மால்" என்றால் 80க்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடும். சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத பாஸோடு மல்லுக்கட்டாமல் குரலைச் சுத்தமாகக் கொடுக்கும். சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள், இரண்டு இடத்தில் வடிகட்ட வேண்டாம்.

எல்எஃப்இ என்று மெனுவில் வருவது தனி விஷயம். வெடி, இடி போன்றவற்றுக்காகப் படத்திலேயே பதிந்து வரும் பாஸ் தடம் அது, 120 ஹெர்ட்ஸ் வரை. படத்தின் ஒலித்தடம் 5.1 என்றால் அந்த .1 இதுதான், அதை ஒலிப்பது சப்வூஃபர்.

படச்சட்டம்

ஒலி ஆட்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், படத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

முருகு, 55 அங்குல டிவியில் 4கேயின் கூடுதல் கூர்மை தெரிய நீங்கள் 7 அடிக்குள் உட்கார வேண்டும். அதைத் தாண்டினால் சராசரிக் கண்ணுக்கு 1080பியும் 2160பியும் (அதாவது 4கே) பிரித்தறியக் கடினம். அப்படியானால் 4கே படம் ஏன் பளிச்சென்று இருக்கிறது? பெரும்பங்கு எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை அகலமாகக் காட்டும் முறை. சாதாரணப் படம் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்து நிறம் திருத்தப்படுகிறது. எச்டிஆர் படத்தை 1000 நிட், சில நேரம் 4000 நிட் வரை வைத்துத் திருத்துகிறார்கள். அதோடு 8 பிட்டுக்குப் பதில் 10 பிட், அதாவது ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள். அந்தி வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் வழுக்கிக்கொண்டு மாறுவது அதனால்தான்.

பெட்டியில் "எச்டிஆர்10 ஆதரவு" என்று இருந்தால் அந்தச் சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்று மட்டுமே பொருள். 300 நிட் டிவியால் 1000 நிட்டைக் காட்ட முடியாது, அமுக்கித்தான் காட்டும். எச்டிஆர்10ல் முழுப் படத்துக்கும் ஒரே வெளிச்சக் குறிப்பு. டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டிலும் காட்சிக்குக் காட்சி குறிப்பு வரும், அதனால் அமுக்குவதும் நிதானமாக நடக்கும். வெளிச்சம் குறைந்த டிவிக்குத்தான் இந்தக் குறிப்பு அதிகம் உதவும். சாம்சங் டிவிகளில் எச்டிஆர்10 பிளஸ் உண்டு, டால்பி விஷன் கிடையாது.

மலர்விழி

எங்கள் டிவியில் டால்பி விஷன் போட்டால் படம் இருட்டாக இருக்கிறதே? பகலில் ஒன்றுமே தெரிவதில்லை.

படச்சட்டம்

பலரும் சொல்லும் குறை இது, சகோதரி. "டால்பி விஷன் டார்க்" இருட்டறைக்கானது, பகலில் "டால்பி விஷன் பிரைட்" வையுங்கள். மின்சேமிப்பு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மாறும் வசதி இரண்டையும் அணைத்துப் பாருங்கள். ஜன்னல் டிவிக்கு எதிரே இருந்தால் எந்த மோடும் உதவாது, திரைச்சீலைதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் எல்சிடி பேனல்தான், பின்னால் இருக்கும் விளக்கும் வடிகட்டியும்தான் வேறு. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், அணைந்தால் சுத்தக் கறுப்பு. நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடியை நான் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் நிற்கும் முத்திரையும் ஓடும் எழுத்துப் பட்டையும் நாளடைவில் தழும்பாகப் படியக்கூடும்.

சேலம்_செந்தில்

புது டிவியில் சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. இது எந்த எச்டிஆர்?

படச்சட்டம்

அது எச்டிஆர் இல்லை, மோஷன் ஸ்மூதிங். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி தானாக இடைப் பிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பதால் அந்த வழுவழுப்பு. அணைத்துவிடுங்கள், அல்லது "ஃபிலிம்மேக்கர் மோட்" இருந்தால் அதைப் போடுங்கள். 120 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் 24 சரியாக ஐந்து முறை அடங்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வருவதால், கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான திக்கல் தெரியும். கிரிக்கெட்டுக்கு ஸ்மூதிங் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அது அவரவர் விருப்பம்.

யாழ்வாசி

உதடும் சத்தமும் பொருந்தாமல் போகிற சிக்கலும் சிலருக்கு வரும். ரிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கும், சத்தம் முந்திவிடும். ரிசீவரில் "லிப் சிங்க்" என்றோ "ஆடியோ டிலே" என்றோ இருக்கும். 20 மில்லிசெகண்ட் படியாகக் கூட்டி, ஆள் நேராகப் பார்த்துக் கதைக்கிற செய்திக் காட்சியை வைத்துச் சரிபாருங்கள்.

கட்டுமானம்_கண்ணன்

நாங்கள் இப்போதுதான் வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை அடுத்த வாரம். புரொஜெக்டருக்கு 12 மீட்டர் எச்டிஎம்ஐ சுவருக்குள் போக வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கும் உண்டு. அட்மாஸுக்கு மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் போதுமா, கூரையிலேயே பதிக்கவா?

ஒலித்தடம்

ஃபால்ஸ் சீலிங் போடுவது உறுதி என்றால் கூரையிலேயே பதியுங்கள். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர், ஒலியைக் கூரையில் பட்டுத் தெறிக்கவிட்டுக் காதுக்கு அனுப்புவது. கூரை சமதளமாக, ஏறத்தாழ 8 முதல் 14 அடி உயரத்துக்குள், ஒலியைத் தெறிக்கவிடும் கெட்டிப் பரப்பாக இருக்க வேண்டும். படிப்படியாக இறங்கும் அலங்காரமும் விளக்குக் குழியும் இருந்தால் ஒலி சிதறிவிடும்.

12 மீட்டருக்குச் செம்புக் கேபிள் வேண்டாம், 4கே எச்டிஆரில் திரை அடிக்கடி கறுத்துப் போகும். ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனை கருவிக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு என்று எழுதியிருக்கும், பார்த்து இழுங்கள். 4கே 60க்கு (நொடிக்கு 60 பிரேம்) நொடிக்கு 18 கிகாபிட் போதும். 4கே 120 விளையாட்டு வேண்டுமென்றால் 48 கிகாபிட் தாங்கும் "அல்ட்ரா ஹைஸ்பீடு" முத்திரை பாருங்கள். பழைய ரிசீவர் வைத்திருந்தால் எச்டிசிபி 2.2 (திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பாதுகாப்பு முறை) உண்டா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் ஓடிடியும் வட்டும் 4கேயைத் தராது.

கேபிளைச் சுவருக்குள் நேரடியாகப் பூசிவிடாதீர்கள் கண்ணன். ஒன்றரை அங்குலப் பைப், முனை நுழையும் அளவுக்கு அகன்ற வளைவுகள், உள்ளே ஓர் இழுப்புக் கம்பி. சரவுண்ட் இரண்டுக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனிப் பைப். பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் அளவுநாடாவோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.